இலங்கை மலையகத்தில் ஒரு சின்னத் தோட்டத்து ஊரில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேட்டவர் மதுரைக்காரர். கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போனாராம். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தேயிலை மலைகளும் நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடங்களும் மனதில் நின்றுவிட்டனவாம். அங்கே இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள், அந்த நிலம் எப்படிப்பட்டது, ஒரு தடவை போய்ச் சில நாள் தங்கிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ஹட்டனில் ஆசிரியர். அம்மா ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தவர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நீங்கள் பார்த்தது ஊர்தான். ஆனால் குளம், வயல், கோயில் என்று ஒன்றன்பின் ஒன்றாக மனிதர்கள் தங்கள் வசதிக்கு வளர்த்த ஊர் இல்லை, ஒரு வேலைக்காகப் போட்ட ஊர். வீடு எங்கே, பாதை எங்கே, கடை எங்கே, யார் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் தேயிலைதான் முடிவு செய்தது. இதைத் தெரிந்துகொண்டு மலையைப் பார்த்தால் அங்கே நடக்கும் மற்ற விஷயங்கள் பாதிக்கு மேல் தானாகவே புரியும்.

ஒரு தோட்டத்தைப் பல டிவிசன்களாகப் பிரித்திருப்பார்கள். டிவிசன் ஒவ்வொன்றிலும் சில லயங்கள் (நீங்கள் பார்த்த அந்த நீளக் கட்டடங்கள்), ஒரு மாரியம்மன் கோயில், கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா, கொழுந்து நிறுக்கும் மடுவம், ஒன்றிரண்டு கடை, சில இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான் ஊர். மலை நீட்டிக்கொண்டு நிற்கும் நல்ல இடத்தில், நாலு பக்கமும் பார்வை கிடைக்கும்படி துரை பங்களா, அதாவது தோட்டத்து மனேஜரின் வீடு. அதற்குக் கொஞ்சம் கீழே உத்தியோகத்தர்களின் வீடுகள். ரோட்டுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் பெக்டரி. லயம் எங்கே என்றால், பெரும்பாலும் தேயிலை நன்றாக வராத இடத்தில்: பள்ளத்தில், ஓடைக் கரையில், செங்குத்தான சரிவின் அடியில். மேட்டு லயம், பணிய லயம் என்று அந்த உயரத்தை வைத்துத்தான் பேரே. ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு காம்பரா (அறை). முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு காம்பரா சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு (திண்ணை). அந்த இஸ்தோப்பையே பலகையும் தகரமும் வைத்து அடைத்து இன்னொரு அறையாக்கியிருப்பார்கள். கலியாணம் கட்டிய மகனுக்கு ஒரு மூலை, படிக்கிற பிள்ளைக்கு ஒரு மூலை. இரட்டை லயத்தில் பின்பக்கம் ஜன்னலுக்கே வழியில்லை. அதனால்தான் பழைய காம்பராக்களின் உள்சுவரெல்லாம் அடுப்புப் புகையில் கறுத்துப் பளபளவென்று இருக்கும்.

இனி அந்தத் தேயிலை மலைக்கு வருகிறேன். தூரத்திலிருந்து பச்சைக் கம்பளம் என்று எழுதுவார்கள், எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. கிட்டப் போய்ப் பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே சாய்வு பார்த்து வெட்டிய கான்கள் (வடிகால்கள்), கானுக்குள் மண்ணைத் தேக்க இடையிடையே குழிகள், மண் சரியாமலிருக்கக் கல் அடுக்கிய கட்டுகள், கங்காணியும் கூடைக்காரிகளும் ஏறுவதற்கு வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதைகள், நிழலுக்கும் விறகுக்கும் நட்ட, நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்கள். ஒன்றுகூட இயற்கையாக வந்ததில்லை. காட்டை வெட்டி எரித்து, கல்லைப் புரட்டி, கான் வெட்டி, கன்று நட்டு, எல்லாம் கையாலேயே செய்தது. பல தோட்டங்களில் நூறு வருடம் தாண்டிய விதைத் தேயிலை இன்னும் நிற்கிறது. அதன் அடிமரம் ஆளின் தொடையளவு தடித்து முறுக்கிக்கொண்டு, பாசி பிடித்து இருக்கும். பக்கத்து மலையில் கிளையை வெட்டி வளர்த்த வீ.பீ. தேயிலை, ஒரே உயரம், ஒரே நிறம். தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்புக்குக் கீழே இறக்குகிறார்கள். அது ஆம்பிளைகளின் வேலை, கத்தி படுகிற சாய்வு தவறினால் வாது பிளந்து செடி பழுதாகிவிடும். கவ்வாத்து முடிந்த மலை மொட்டையாய், பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் லயத்தில் அன்றைக்குச் சந்தோஷம்தான், மிலாறு, அதாவது வெட்டி விழுந்த வாது, பொறுக்கலாம் அல்லவா. அதைக் கட்டுக் கட்டாகத் தலையில் தூக்கி வந்து இஸ்தோப்பில் அடுக்கினால் மழைக்காலத்துக்கு அடுப்பு எரியும்.

கொழுந்து எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் பார்ப்பதற்கும் நிஜத்துக்கும் நிறைய தூரம். காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூடுவது. முன்பு விடிவதற்கு முன்பே தப்பு அடித்து எழுப்புவார்கள், பேர் கூப்பிட்டு, எந்த மலை, எந்த வரிசை என்று சொல்லி அனுப்புவார்கள். இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டுவது, பனியில் நனைந்த செடி உடம்பை அறுக்காமலிருக்க. கூடை முதுகில், அதன் கயிறு தலையில், கயிற்றுக்கு அடியில் மடித்த ஒரு துணி. செடியின் மேலே மட்டக்கம்பை வைப்பார்கள். அந்த மட்டத்துக்கு மேலே வந்த அரும்பும் இரண்டு இலையும்தான் கொழுந்து. வங்கி, அதாவது வளராமல் நின்றுபோன குருத்து, வந்திருந்தால் அதைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்குத் துளிர் வராது. நகத்தால் கிள்ளக்கூடாது, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு சின்னத் திருப்பு. இரண்டு கையும் தனித்தனியாக ஓடும், கண் அடுத்த வரிசையில் இருக்கும், வாய் பக்கத்துக்காரியோடு கதைத்துக்கொண்டிருக்கும். உள்ளங்கை நிறைந்ததும் தலைக்கு மேலால் பின்னுக்குப் போட்டால் நேராகக் கூடைக்குள் விழும், திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. அம்மாவின் விரல்களில் தேயிலைக் கறை கறுத்த கோடுகளாக இருக்கும். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாலும் போகாது, தீபாவளிக்கு மருதாணி வைத்தாலும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வைக்க வேண்டும்.

ஒரு மலைக்கு ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வருவார்கள். அதற்குமேல் விட்டால் இலை முற்றிவிடும். எடுத்ததை மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுப்பார்கள். இங்கேதான் சண்டை எல்லாம். சாக்குக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய தண்ணீருக்கு இவ்வளவு, முற்றல் இருந்தால் இவ்வளவு என்று கழிப்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டாலும் ஒரு நாளைக்கு 18, 20 கிலோ என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள். அதை எட்டினால்தான் முழுப்பேர், இல்லையென்றால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழை விடாத நாளில், கொழுந்து வராத வறட்சி மாதத்தில் அந்த அளவை எட்டுவது பெரும்பாடு. நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடி 2021 இல்தான் கிடைத்தது, 2024 இல் 1350 ஆனது. நடுவில் 2022 நெருக்கடியில் மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏறிய ஏற்றத்துக்கு அந்த ஆயிரம் எந்த மூலைக்கு? நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, சூடேற்றினால் சுமார் ஒரு கிலோ தூள் வரும். கொழுந்து மணமுள்ள அந்த வாட்டும் மாடியில் ஒருமுறை நின்று பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

காலநிலைக்கு வருகிறேன், பயணத்துக்கும் இது உதவும். மலையகம் முழுவதும் ஒரே மழை இல்லை. மேற்குப் பக்கச் சரிவு, அதாவது ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகியவற்றுக்குத் தென்மேற்குப் பருவமழை, மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அந்த நாளில் வெயிலைக் காண்பது அபூர்வம், துணி காயாது, சுவர் வியர்க்கும், அட்டை கால்விரல் இடுக்குக்குள் ஏறும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டர் அளவுக்கு ஊற்றும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலையின் அந்தப் பக்கம், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைச் சரிவுகளில் மழையையெல்லாம் இந்தப் பக்கம் இறக்கிவிட்டுக் கச்சான் காற்று வறண்டு வீசும். அந்தக் காற்றில் தேயிலை மெதுவாக வளர்ந்து வாசனை ஏறும், அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு அப்போதுதான் நல்ல விலை. எங்கள் மேற்குப் பக்கத்துக்கு அந்தத் தரமான காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பகலில் நீல வானம், இரவில் எலும்பைக் குத்தும் குளிர். நுவரெலியாவில் அந்த மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்து, தேயிலையும் உருளைக்கிழங்கும் கருகிப்போவது உண்டு.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை நிற்கும் என்றால் நம்புவீர்களா? மேலே இருந்த காடு போய் யூகலிப்டஸ் வந்தபிறகு பல ஊற்றுகள் வற்றிவிட்டன. உச்சியில் மிச்சமிருக்கும் காட்டுத் துண்டிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீரை இறக்குகிறார்கள், குழாய் முதலில் எந்தப் பக்கம் போகிறதோ அந்த லயத்துக்கு வசதி. வீட்டுக்கு வீடு குழாய் வந்த இடங்களும் இப்போது நிறைய இருக்கின்றன. ஆனாலும் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குத் தனி இடம். குளிப்பது, துவைப்பது, ஊர்க்கதை, கலியாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். விடிகாலை நாலரை மணிக்கே குடம் வைக்கும் சத்தம் கேட்கும். எழுந்து தண்ணீர் பிடித்து, சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) போட்டு, கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து தடித்த ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவது பெண்கள். மாலையில் கூடையை இறக்கிய கையோடு விறகு, சோறு, துணி. ஆம்பிளைகளுக்குக் கவ்வாத்து, கான்வெட்டு, மருந்தடிப்பு போன்ற வேலை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு முடிந்துவிடும். இந்தக் கணக்கு சரியில்லை என்பது என் திடமான கருத்து. பெண்களின் முதுகில்தான் மலையகம் நடக்கிறது, சம்பளப் பேச்சுக்கு மேசையில் உட்காருபவர்கள் ஆண்கள்.

லயத்தைச் சுற்றிக் கிடைக்கும் துண்டு நிலத்தில் எதையாவது போட்டிருப்பார்கள்: போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட். சிலரிடம் ஒரு மாடு, அதற்கு மாணாப் புல் அறுக்க ஒரு சிறுவன். ஏலத்தோட்டம், மிளகு எல்லாம் கொஞ்சம் கீழே, கண்டி, மாத்தளைப் பக்கத்தில்தான். அங்கே சிங்களக் கிராமங்களும் வயலும் தோட்டங்களோடு கலந்து கிடக்கும். கடைத்தெருவில், பஸ்ஸில், சந்தையில் பழகிப் பழகி எங்கள் ஆட்களில் பலர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள்.

உங்கள் பக்கத்து ஆள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் முன்னோர் உங்கள் மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள்தான். பஞ்சத்திலும் கடனிலும், ஆள் சேர்த்த கங்காணி பின்னால் கப்பலேறியவர்கள். முதலில் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. மன்னாரில் இறங்கி, தண்ணீரில்லாத காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடையின் முடிவில் எழுந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார், 1869 இல் இலைநோய் வந்து கோப்பி சரியத் தொடங்கியது, அதன்பிறகு மலை முழுவதும் தேயிலை. வந்து இருநூறு வருடம் என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் மக்கள் மறுபடி நடந்தார்கள். நடுவே 1948 இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. ஒரே காம்பராவில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார்ப் பயணம் புறப்படும்போது எழுந்த அழுகையைப் பற்றி இன்றைக்கும் வயதானவர்கள் குரல் தழுதழுக்கத்தான் பேசுவார்கள். உங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனால் அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள், எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொல்வார்கள். இங்கே குடியுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீர 2003 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வோட்டு வந்தது, நிலம் வரவில்லை. தோட்டங்களை 1970 களில் அரசு எடுத்தது, 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் குத்தகைக்குக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக இருக்கும் காம்பராவுக்கும் குடியிருப்பவர் பேரில் உறுதிப் பத்திரம் கிடையாது. கூரை ஒழுகினால் ஆபிஸில் சொல்லிக் காத்திருக்க வேண்டும், பின்னால் ஒரு குசினி இறக்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். இன்னொரு விஷயம் வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாது: முகவரி. பெரும்பாலான லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கமோ தெருவோ இல்லை. தபால் தோட்டத்து ஆபிஸுக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி எப்போதாவது வீட்டுக்கு வரும். என் மாணவன் ஒருவனுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பிறகு கையில் கிடைத்தது. அவன் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான், ஒன்றும் பேசவில்லை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்த சட்டப் பிரிவையே 2018 இல்தான் திருத்தினார்கள். அதுவரை தோட்டத்து ரோட்டில் ஒரு பாலம் உடைந்தாலும் சபை கைவைக்க முடியாது. இப்போது ஏழு பேர்ச் (நாலு சென்டுக்குக் கொஞ்சம் மேல்) காணியோடு தனி வீடுகள் கட்டுகிறார்கள், இந்திய உதவியிலும் நிறைய வந்திருக்கிறது. அந்த வீடுகளுக்குப் போனவர்கள் முதல் வேலையாக வாசலில் ஒரு ரோஜா வைப்பார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் தேவையில் ஒரு சிறு பங்கு.

லயம் எங்கே கட்டப்பட்டது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, அதன் விலை மழையில் தெரியும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குமுன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது, மாற்று நிலந்தான் கொடுக்கப்படவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது அவர்களில் சிலருக்கு வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலையகம் முழுவதும் மண் இறங்கியது. அடைமழை நாளில் சுவரில் புது வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, மரம் சாய்வது, இதெல்லாம் தெரிந்தால் இரவோ பகலோ கிளம்பிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கே போவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோயில், பள்ளிக்கூடம், அவ்வளவுதான் பதில்.

மலையில் வேறு ஆபத்துகளும் உண்டு. குளவி முக்கியமானது, சவுக்கு மரத்திலோ தேயிலை அடியிலோ கூடு கலைந்தால் கொழுந்தெடுப்பவர்களை மொத்தமாகக் கொட்டி ஆஸ்பத்திரியில் போடும், உயிரும் போயிருக்கிறது. சிறுத்தையும் தேயிலைக்குள் நடமாடும், பெரும்பாலும் ஆட்களைக் கண்டால் ஒதுங்கிவிடும். பன்றிக்கு வைக்கும் கம்பித் தடத்தில் அது மாட்டுவதுதான் அதிகம். 2020 இல் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கறுஞ்சிறுத்தை அப்படி மாட்டிச் செத்தது.

சோகம் மட்டும் சொன்னால் அது எங்கள் ஊர் ஆகாது. மாசியில் வந்து பாருங்கள். பிறை கண்டு மூன்றாம் நாள் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவு இரவாகத் தப்புச் சத்தம் மலைக்கு மலை கேட்கும். மதனும் ரதியும் வேடம் கட்டி ஆடுவார்கள், கலியாணம் நடக்கும், கடைசி இரவில் சிவனின் தவத்தைக் கலைத்த மதன் எரிவான், ரதி ஒப்பாரி வைப்பாள். ரதி வேடம் கட்டுபவரும் ஆண்தான், பகலில் கான் வெட்டிய ஆள். ஆனால் விடியும் நேரத்தில் அந்த ஒப்பாரிக்கு லயத்துப் பெண்கள் அழுவதைக் கண்டால் அது யாருக்கான அழுகை என்று கேட்கத் தோன்றாது. இதற்கு வாத்தியார் பரம்பரை உண்டு, பாட்டை மனப்பாடமாக வைத்திருப்பார்கள், எழுத்தில் இருப்பது குறைவு. அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் பள்ளியில் பிள்ளைகளைப் போனோடு அனுப்புகிறோம். மாரியம்மன் திருவிழா, தீபாவளி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையில் தேங்காய் உடைத்துக் கும்பிடுவதும், பெக்டரிக்குக் காவலாக ரோதைமுனிக்குப் பூசை போடுவதும் எங்களுக்கே உரியவை.

திருவிழாவுக்குத்தான் இளைஞர்கள் ஊர் வருகிறார்கள். மற்ற நாட்களில் கொழும்பில், துணிக்கடை, ஹோட்டல், கட்டட வேலை, கார்மென்ட். படித்தவர்கள் ஆசிரியர், தாதி, வங்கி என்று போகிறார்கள். கொழுந்தெடுக்க மகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லாத தாயை நான் கண்டதில்லை. அதில் தப்பும் கிடையாது. விளைவு என்னவென்றால் ஆளில்லாமல் மலைகள் காடாகின்றன, தேயிலை மரமாகி நிற்கிறது. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தது அதை இன்னும் மோசமாக்கியது. சில கம்பனிகள் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்து, கிலோவுக்குக் காசு கொடுக்கும் முறைக்கு மாறுகின்றன. இதுவே நிலத்தை எழுதிக் கொடுத்துச் செய்தால் பலர் திரும்பி வருவார்கள் என்று நான் நம்புகிறேன். தென்பகுதியில் காலி, மாத்தறைப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் சொந்த நிலத்தில் தேயிலை வைத்து நன்றாகத்தான் இருக்கிறார்கள், நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களுடையது.

சரி, எப்படி வருவது என்று கேட்டீர்கள். டித்வாப் புயலில் ரயில் பாதை பழுதானதால் ரயில் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடினால் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஏறி ஹட்டனில் இறங்குங்கள், எல்ல வரை போக வேண்டாம், அங்கே சுற்றுலாக்காரர்கள் போதும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா எல்லாவற்றுக்கும் பஸ் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஆனால் டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம், வார இறுதியில் மஸ்கெலியாப் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, வாரநாளில் வாருங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலமாக இருந்தால் பழைய மஸ்கெலியாவைப் பார்க்கலாம். 1960 களின் கடைசியில் அணை கட்டியபோது டவுனே தண்ணீருக்குள் போனது, நீர் இறங்கும்போது கோயிலின் மிச்சமெல்லாம் சேற்றிலிருந்து தலை காட்டும்.

லயத்துக்குள் தெரியாமல் நுழைந்து படம் எடுக்காதீர்கள். மலையில் நிற்கும் பெண்களைக் கூடையோடு சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்துக் காசு நீட்டும் பழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது, அது எங்களுக்கு மனவருத்தம். அவர்களுக்கு அந்த நேரம் கிலோக் கணக்கு, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் கம்பனி பொறுப்பில் இருப்பதால் உள்ளே தங்க ஆபிஸில் அனுமதி வேண்டும். அதைவிட லேசான வழி, டவுனில் அறை எடுத்துக்கொண்டு, கோயில் தலைவரையோ பள்ளிக்கூடத்தையோ முதலில் பார்ப்பது. தமிழில் பேசினால் போதும், அண்ணே, அக்கா என்று கூப்பிட்டால் இஸ்தோப்பில் பாய் விரித்து உட்காரவைத்துச் சாயத்தண்ணி கொடுத்துவிட்டு எந்த ஊர் என்று கேட்பார்கள். மதுரை என்று சொன்னால் எந்தக் கிராமம் என்று அடுத்த கேள்வி வரும், ஏனென்றால் தாத்தா சொன்ன ஊர்ப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு சொந்தத்தைத் தேடுபவர்கள் இங்கே நிறையப் பேர். அப்படிக் கேட்டால் பேரையும் ஊரையும் எழுதிக்கொண்டு போய் விசாரித்துச் சொல்லுங்கள். ஸ்வெட்டரும், அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் சவர்க்காரமும், வழுக்காத செருப்பும் எடுத்து வாருங்கள். தேயிலைத் தூள் வாங்குவதென்றால் ஸ்டேஷன் பக்கத்தில் பெட்டியில் விற்பதை விட்டுவிட்டு டவுன் கடையில் பிஓபி (BOP) ரகத் தூள் அரைக்கிலோ கேளுங்கள், நாங்கள் வீட்டில் குடிப்பது அதைத்தான்.